இடது கைக் காப்பு

சிங்கப்பூர்ப் பாலம் திறந்துவிட்டது, தீபனுக்குப் பேருந்தில் இடமும் கிடைத்துவிட்டது என்று சென்ற வாரம் பிரேமலாவோடு சேர்ந்து நாமும் நிம்மதியாக மூச்சு விட்டோம். சிங்கப்பூர்ப் பட்டறை வேலைக்குப் போன அவள் கணவர், கோவிட் வந்து எல்லையை மூடிய நாளிலிருந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். வரும் சனிக்கிழமை ஜோகூர் கெலாங் பாத்தாவில் உள்ள தன் வீட்டுப் படியை மிதிக்கப் போகிறார். அவர் கடைசியாக மகளைத் தூக்கியபோது லோஷினி முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அதன் பிறகு அவளுடைய பள்ளிப் பாவாடை இரண்டு முறை மாறிவிட்டது.

அவர் வரவேண்டும் என்றால் ஒன்று மட்டும் நடக்கக் கூடாது. வீட்டில் யார் கையிலும் சுகாதார இலாகாவின் வளையம் ஏறக் கூடாது. நோய் வந்தவரோடு பழகியவர் என்று தெரிந்தால் பிங்க் நிறத்தில் ஒன்றைக் கையில் மாட்டிவிடுவார்கள். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போக முடியாது, யாரும் உள்ளே வரவும் முடியாது. தீபனுக்குக் கிடைத்திருப்பதோ ஒரு வார விடுப்பு. வளையம் ஏறினால் அந்த ஒரு வாரமும் அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இது தெரிந்துதான் பிரேமலா மகளைப் பக்கத்து வீட்டுக்குக்கூட விடாமல் வைத்திருந்தாள். பிறகு ஏன் இந்தப் புதன்கிழமை அவளைத் தான் வேலை செய்யும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கே கூட்டிக்கொண்டு போனாள் என்று நீங்கள் கேட்கலாம். வருகிறவர் சொந்த அண்ணன், அதனால்தான். வேலையாட்களுக்குப் பூங்கா கொடுத்த இலவச டிக்கெட்டுகள் அன்றோடு காலாவதி. சிம்பாங் ரெங்கத்திலிருந்து மகேஸ்வரன் மனைவி பிள்ளைகளோடு வருவதாகச் சொன்னார். பிரேமலா போனில் வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டாள், வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லைதானே என்று. ஒன்றும் இல்லை, நீ கவலைப்படாதே என்று அவர் சொன்னார். அண்ணன் சொல்லை நம்பாமல் வேறு யார் சொல்லை நம்புவது?

காலையில் நுழைவாயிலில் நல்ல கூட்டம். பள்ளி விடுமுறை. இரண்டு வருடம் அடைபட்டுக் கிடந்த சனம் மொத்தமும் அங்கே வந்து நின்றது போல இருந்தது. ஒவ்வொருவரும் கைபேசியை நீட்டி மைசெஜாத்ரா செயலியில் தங்கள் நோய் நிலையைக் காட்ட வேண்டும். காவலர் தங்கராஜு அதைப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் சூடு பார்க்கும் கருவியைக் காட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

மகேஸ்வரன் முழுக்கைச் சட்டையில் வந்தார். சட்டைக் கைக்குக் கீழே மஞ்சள் நூல் தடிமனாகச் சுற்றியிருந்தது, அதில் ஒரு விரலி மஞ்சள். அதைப் பார்த்ததும் தங்கராஜு கருவியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காப்புக் கட்டியவர் கையில் இதையெல்லாம் காட்டுவானேன் என்று அவருக்கு ஒரு தயக்கம். இருவரும் ஒரே எஸ்டேட் பக்கத்துக்காரர்கள் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை வேறு பேசினார்கள்.

இதற்குள் அண்ணி யோகேஸ்வரி தன் கைபேசியை மட்டும் நீட்டி, எல்லார் பெயரும் இதிலேயே இருக்கிறது என்று அடித்துச் சொன்னாள். தங்கராஜு கண்ணாடியைத் தேடினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"எங்க அண்ணன்தான் லா. விடுங்க, எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்றாள் பிரேமலா.

அவர் விட்டுவிட்டார். அந்த 'விடுங்க' என்ற சொல்லை நினைத்து நினைத்து அவள் அன்று எத்தனை தரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

உள்ளே போகும் வழியில், மார்கழி பிறக்கப் போகிற நேரத்தில் எந்தக் கோயிலுக்குக் காப்பு என்று அண்ணனைக் கேட்டாள். எஸ்டேட் மாரியம்மனுக்கு வேண்டுதல் என்றார் மகேஸ்வரன். இந்த நோய் ஒழிய வேண்டும், மாப்பிள்ளை நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும், அதற்காகத் தனியாகக் கட்டிக்கொண்டாராம். பிரேமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனைப் பற்றி இத்தனை நாள் குறையாகப் பேசினோமே என்றுகூட நினைத்தாள்.

அவள் வேலை டிராகன் ரயிலில். உயரத்தில் ஏறித் தலைகீழாக விழுகிற ரயில் அது. ஒரு சுற்று முடிந்ததும் இருக்கைகளைத் துடைத்து மருந்து அடிக்க வேண்டும், ஒன்று விட்டு ஒன்றில் ஆளை உட்கார வைக்க வேண்டும், மடிக்கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். முகக்கவசத்துக்குள் வியர்த்து ஊற்றும். அந்த ரயிலில் மட்டும் லோஷினி ஏறமாட்டாள். பூங்காவின் வரைபடம் ஒன்று அவர்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அப்பாவும் மகளும் மாலையில் கைபேசி வழியாக அதை வைத்துக்கொண்டு திட்டம் போடுவார்கள். முதலில் டிராகன், அப்புறம் படகு, அப்புறம் ஐஸ்கிரீம். டிராகனில் அப்பாவோடுதான் முதல் சவாரி என்பது ஒப்பந்தம். அதைப் பிள்ளை மீறவே இல்லை.

மதிய இடைவேளையில் பிரேமலா அவர்களைத் தேடிப் போனாள். மகேஸ்வரன் பொரித்த கோழித் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

காப்புக் கட்டியிருக்கும்போது கோழி. பிரேமலா வாயைத் திறப்பதற்குள் யோகேஸ்வரி முந்திக்கொண்டாள். இது வேறு மாதிரி வேண்டுதலாம், பூசாரி சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டாராம். அண்ணியோடு வாயாடினால் அரைநாள் போய்விடும் என்று பிரேமலா பேசாமல் இருந்துவிட்டாள். ஒரு கோப்பை வாங்கினால் நாள் முழுக்க அதில் நிரப்பிக்கொள்ளலாம் என்பதால் குடும்பத்துக்கே ஒரு கோப்பை, ஒரு உறிஞ்சுகுழல். எலுமிச்சைச் சாறு கை மாறிக்கொண்டிருந்தது. லோஷினியும் குடித்தாள். அதையும் அவள் பார்த்தாள். சொந்தம்தானே என்று விட்டுவிட்டாள்.

பிற்பகலில் அண்ணன் குடும்பம் டிராகனுக்கு வந்தது. லோஷினி வழக்கம்போல வேலிக்கு வெளியே, எல்லார் பையையும் காவல் காத்துக்கொண்டு நின்றாள். மகேஸ்வரன் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பின் வரிசையில் ஒரு சீனப் பாட்டியும் பேரனும். பிரேமலா எல்லாருக்கும் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு ரயிலை அனுப்பினாள்.

ரயில் ஒரு சுற்று போய்விட்டு அலறலோடு திரும்பி வந்தது. மகேஸ்வரன் சிறுபிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தார். காற்றில் சட்டைக் கை முழங்கைவரை ஏறியிருந்தது. வலது கை வெறுங்கை. காப்பு இருந்தது இடது கையில்.

பிரேமலா பொத்தானில் கை வைத்தபடி நின்றாள்.

ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எஸ்டேட் கோயிலில் ஒவ்வொரு ஆடி மாதமும் காப்புக் கட்டும் வரிசையில் நின்று வளர்ந்தவள் அவள். பக்கத்து வரிசையில் வலது கையை நீட்டிக்கொண்டு நின்றவர் இதே அண்ணன். மூன்று தரம் தீ மிதித்தவர். ஆண்பிள்ளைக்கு இடது கையில் காப்புக் கட்டும் பூசாரி இந்த ஜோகூர் மாநிலத்திலேயே கிடையாது. அப்படியானால் இதைப் பூசாரி கட்டவில்லை. இடது கையில் மறைக்க வேண்டியது ஏதோ இருந்திருக்கிறது, அதன் மேலேயே சுற்றிவிட்டார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது பயம். அடுத்த கணமே பயத்தைத் தள்ளிவிட்டுக் கோபம் வந்து நின்றது. இயந்திரத்தைக் கூட இருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வேலிப்பக்கம் ஓடினாள். லோஷினி அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பிரேமலா அதைத் தட்டிவிட்டாள். சாறு பிள்ளையின் சட்டையெல்லாம் வழிந்தது. லோஷினி அழவில்லை. அம்மா இப்படிச் செய்து அவள் பார்த்ததே இல்லை.

ரயில் பாதைக்குப் பின்னால் வேலையாட்கள் மட்டும் போகும் சந்து ஒன்று உண்டு. அண்ணனையும் அண்ணியையும் அங்கே வரச் சொன்னாள்.

"கையக் காட்டுங்கண்ணே."

"எதுக்கும்மா? காப்பைப் போயி..."

"காட்டுங்க."

அவர் கையைப் பின்னால் கொண்டு போனார். அவள் இழுத்தாள். இடுப்பில் கட்டியிருந்த முதலுதவிப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள். விரலி மஞ்சள் கீழே விழுந்து உருண்டது. மஞ்சள் தண்ணீரில் ஊறிப் பாதி நிறம் மாறிய பிங்க் வளையம் மணிக்கட்டில் இறுக்கமாக இருந்தது.

கதை மெல்ல வந்தது. மகேஸ்வரன் வேலை செய்யும் பலகைத் தொழிற்சாலையில் அவரோடு ஒரே மேசையில் நிற்கும் ஆளுக்கு நோய். சுகாதார இலாகா இவருக்கு வளையம் மாட்டி வீட்டிலேயே இருக்கச் சொன்னது. முதல் சோதனையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சோதனை நாளைக்கு. அதிலும் ஒன்றும் இருக்காதாம்.

"இருந்தா?" என்றாள் பிரேமலா.

அவர் சுவரைப் பார்த்தார்.

"பிள்ளைங்களுக்கு இன்னும் ஊசிகூடப் போடல. போன்ல கேட்டேனேண்ணே. வெட்கத்த விட்டுக் கேட்டேன். ஒன்னும் இல்லன்னு சொன்னீங்க. இதுல சாமிய வேற இழுத்தீங்க."

யோகேஸ்வரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அவளுக்கும் கோபம் இருந்தது. அதுவும் பழைய கோபம்.

"நீதானே சொன்ன, இன்னிக்குள்ள வரலைனா டிக்கெட்ட வேற யாருக்காச்சும் குடுத்துருவேன்னு? என் பிள்ளைங்க ரெண்டு வருஷமா வீட்டுக்குள்ளயே கெடக்குதுங்க. உன் பிள்ளைக்கு மட்டும்தான் ஆசை இருக்கா? ஒவ்வொரு தடவையும் வாக்குக் குடுத்து ஏமாத்துறாருன்னு சொல்லிக் காட்டுவ. வந்தா, ஏன் வந்தீங்கன்னு கேக்குற."

அதில் பாதி உண்மை. டிக்கெட்டை வைத்து மிரட்டியது பிரேமலாதான். ஆனால் அந்தப் பாதியைக் கொண்டு மீதியை மூட முடியுமா? வளையம் ஏறியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே வேண்டாம் என்றிருப்பாள். மஞ்சளை அரைத்து, நூலை நனைத்து, உட்கார்ந்து கட்டிவிட நேரம் இருந்தவளுக்கு அதைச் சொல்ல மட்டும் நேரம் இல்லையாம்.

மகேஸ்வரன் குரலைத் தணித்துக்கொண்டார். நடந்தது நடந்துவிட்டது, இப்போதே எல்லாரும் சத்தம் போடாமல் கிளம்பிவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை என்றார்.

"நீ வாயத் தொறந்தா உன் கையிலயும் லோஷினி கையிலயும் இதைத்தான் மாட்டுவாங்க. அப்புறம் மாப்பிள்ளை எங்க வந்து நிப்பாரு? நெனச்சுப் பாரு. நான் உனக்காகத்தான் சொல்றேன்."

உனக்காக என்று சொன்னாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் சொன்னது பொய்யும் அல்ல. பேசாமல் இருந்தால் சனிக்கிழமை தீபன் வருவார், பிள்ளையைத் தூக்குவார். பேசினால் இல்லை. கணக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. தீபன்.

"பிரேமா, பஸ் ஏறிட்டேன்" என்றார் அவர். பின்னால் பேருந்தின் இரைச்சல். "யாரோ கேன்சல் பண்ணுன சீட்டு, நேத்துதான் கெடச்சது. முதலாளியும் விட்டுட்டாரு. லார்க்கின் பஸ் ஸ்டாண்டுல டெஸ்ட் முடிஞ்சதும் நேரா உன் பார்க்குக்கே வந்துர்றேன். பாப்பாகிட்ட சொல்லிராத. டிராகன் முன்னாடி போயி நிக்கணும் நானு."

"என்னங்க..." என்றாள் பிரேமலா.

லைன் அறுந்துவிட்டது. பாலத்தின் நடுவே வரும்போது சிங்கப்பூர் லைன் போய்விடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் திரும்ப அழைத்தாள். கிடைக்கவில்லை.

மகேஸ்வரன் காதிலும் விழுந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்துவிட்டது. பார்த்தாயா, இப்போது எப்படிச் சொல்வாய் என்பது போல ஒரு பார்வை. சாமி மேல் சத்தியம் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் தப்பியபோதெல்லாம், பத்து வயதிலிருந்து அவர் பார்த்துவரும் அதே பார்வை.

பிரேமலா சந்தின் வாயில் வழியாக வெளியே பார்த்தாள். சீனப் பாட்டி பேரனின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் நுழைவாயிலில் தங்கராஜு இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி அங்கம்மா சிறுநீரகம் கெட்டு, வாரம் தவறாமல் இரத்தம் சுத்தம் செய்யப் போகிறவள். வீட்டுக்குப் போனதும் அவளைக் காரில் ஏற்றி இறக்குவது அவர்தான். மஞ்சள் நூலுக்கு மரியாதை கொடுத்துத்தான் அந்த மனிதர் கருவியைப் பின்னுக்கு இழுத்தார். அதே கையைத்தான் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்.

தன் புருஷன் வரவேண்டும் என்பதற்காகத் தங்கராஜுவின் மனைவியைப் பணயம் வைப்பதா? அப்படி வந்து சேருகிற புருஷன் முகத்தைத்தான் எப்படிப் பார்ப்பது?

அவள் தோளில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"பிரேமா, வேணாம்" என்றார் மகேஸ்வரன். "சொன்னேன்னா இன்னியோட உனக்கு அண்ணன் கெடையாது."

"அண்ணன் இல்லாமப் போனது இன்னிக்கு இல்ல. ஒன்னும் இல்லன்னு போன்ல சொன்னீங்களே, அன்னிக்கே."

பொத்தானை அழுத்தி, அக்கா என்ற பொருளில் காக் ஜுரைடா என்று எல்லாரும் அழைக்கும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, மலாயில் எல்லாவற்றையும் சொன்னாள். டிராகனை நிறுத்தச் சொன்னாள். பின் வரிசையில் இருந்தவர்களைத் தேடச் சொன்னாள். அண்ணன் குடும்பத்தை உள்ளே விட்டது யார் என்று காக் ஜுரைடா கேட்டார். விடச் சொன்னது நான்தான், தங்கராஜு மேல் தப்பு இல்லை என்றாள் பிரேமலா. பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போ, வெளியே வராதே என்று மட்டும் பதில் வந்தது.

அண்ணன் குடும்பத்தை வேறு ஓர் அறைக்குக் கொண்டு போனார்கள். போகும்போது யோகேஸ்வரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பிள்ளைகள் இரண்டும் ஏன், எதற்கு என்று தெரியாமல் பலூனைப் பிடித்துக்கொண்டு போயின. அந்தப் பலூனைப் பார்த்தபோது மட்டும் பிரேமலாவின் கோபம் கொஞ்சம் தடுமாறியது.

முதலுதவி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். சுகாதார அதிகாரிகள் கிளம்பிவிட்டார்கள், வந்ததும் பெயர் எழுதி வளையம் மாட்டுவார்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். தீபன் எண்ணுக்கு அவள் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். கிடைத்தபாடில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கத் தொடங்கியது. லோஷினி கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் போட்ட சத்தம் அவள் காதில் எவ்வளவு விழுந்ததோ, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

"மா, மாமா கையில இருக்கிற மாதிரி எனக்கும் மாட்டுவாங்களா?"

"ஆமாம்மா."

"எந்தக் கையில?"

"இடது கையில" என்றாள்.

லோஷினி இடது கையை மடியில் வைத்துப் பார்த்தாள். சாறு காய்ந்து பிசுபிசுத்தது. வலது கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்தாள்.

"அப்ப சனிக்கிழமை அப்பா நம்ம வீட்டு கேட்டுக்கிட்ட வந்தா, இந்தக் கையால டாட்டா காட்டுறேன். இதுல ஒன்னும் இருக்காதுல்ல."

மேசைமேல் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. தங்கராஜுவின் குரல். அவரையும் வாயில் அறையிலேயே தனியாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். காலையில் இருந்த கலகலப்பு அந்தக் குரலில் இல்லை.

"பிரேமலா, கேட்டுக்கு வெளிய ஒருத்தர் பையோட வந்து நிக்கிறாரு. உங்க வீட்டுக்காரராம். டெஸ்ட்டுல ஒன்னும் இல்லையாம், பேப்பர கண்ணாடி வழியா காட்டுறாரு. உள்ள விடட்டுமா?"

லோஷினியின் தலை சடாரென்று வாக்கிடாக்கிப் பக்கம் திரும்பியது. கட்டிலை விட்டுக் குதித்துக் கதவுக்கு ஓடினாள். பிரேமலா ஒரு கையால் அவளை எட்டிப் பிடித்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிள்ளை திமிறியது. மறு கையால் பொத்தானை அழுத்தினாள்.

"விடாதீங்க" என்றாள்.